இந்த ஆண்டு எனக்குப் பிடித்த புத்தகங்களும் அமெரிக்காவின் முதல் பெண்மணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டு முடிகிற நேரத்தில் “இந்த வருடம் படித்ததில் எது பிடித்தது?” என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்த முறை என் பட்டியலில் பாதிக்கு மேல் வெள்ளை மாளிகையில் வாழ்ந்த பெண்கள் எழுதியவை, அல்லது அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. அதைச் சொன்னதும் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது?

எலினோர் ரூஸ்வெல்ட்டின் சுயசரிதை. 1937, 1949, 1958 என மூன்று முறை தன் வாழ்க்கையைப் பகுதி பகுதியாக எழுதியவர், அவற்றைச் சுருக்கி, புதிதாக ஒரு பகுதியும் சேர்த்து 1961-இல் ஒரே நூலாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 7 அன்று, 78 வயதில் இறந்துபோனார்.

இரண்டாம் இடம், அதே பெண்ணைப் பற்றி டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் எழுதிய ‘நோ ஆர்டினரி டைம்’ நூலுக்கு. 1994-இல் வந்தது, புலிட்சர் பரிசு பெற்றது. ஒருவரைப் பற்றிய இரண்டு நூல்கள் ஏன் முதல் இரண்டு இடங்களில் என்றால், ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையாகாது என்பதுதான் இந்த வருட வாசிப்பில் எனக்குக் கிடைத்தது. கீழே அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

எலினோர் ரூஸ்வெல்ட் யார்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி. 1933 முதல் 1945 வரை, 12 ஆண்டுகள் முதல் பெண்மணியாக இருந்தார். அத்தனை காலம் அந்த இடத்தில் வேறு யாரும் இருந்ததில்லை.

1884-இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 8 வயதில் தாய் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார். மறு ஆண்டே ஒரு தம்பி போனான். 10 வயது நிரம்புவதற்குள் குடிக்கு அடிமையாகியிருந்த தந்தையும் இறந்தார். பாட்டி வீட்டில் வளர்ந்தார். 15 வயதில் லண்டனுக்கு அருகே ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே தலைமையாசிரியையாக இருந்த மாரி சூவெஸ்ட்ரதான் இந்தக் கூச்சமுள்ள பெண்ணைச் சொந்தமாக யோசிக்கப் பழக்கியவர். 1905-இல் தூரத்து உறவினரான பிராங்க்ளினை மணந்தார். மணமகளை அழைத்துவந்து கொடுத்தவர் அவருடைய பெரியப்பா, அப்போது அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்.

பெரிய மனிதர்களின் சுயசரிதை என்றால் பெருமைப் பேச்சாகத்தானே இருக்கும்?

எனக்கும் அந்த அலுப்பு உண்டு. இந்த நூல் அப்படியில்லை. ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மூன்று ஆண்டுகளில் மாமியார் சாரா, நியூயார்க்கின் கிழக்கு 65-ஆம் தெருவில் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்கிறார். ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். ஒன்று இவர்களுக்கு, மற்றது மாமியாருக்கு. வரவேற்பறையிலும் சாப்பாட்டு அறையிலும் நடுவே கதவு வைத்து இரண்டு வீடுகளையும் இணைத்திருந்தார்கள். குடிபுகுந்த சில வாரங்களில் அலங்கார மேசை முன் உட்கார்ந்து எலினோர் அழுகிறார். கணவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறார். இது எந்த விதத்திலும் என் வீடு இல்லை, இதில் நான் ஒன்றுமே செய்யவில்லை, இப்படி வாழ எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். கணவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நம் ஊரில் மாமியார் வீட்டில் வாழ்ந்த எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை எழுதுகிறபோது எலினோர் வெள்ளை மாளிகையில் இருக்கிறார், கணவர் அதிபர், மாமியாரும் உயிரோடு இருக்கிறார். 1937-இல் இதை அச்சில் கொண்டுவர எத்தனை துணிச்சல் வேண்டும்! மாமியாரை மட்டும் அவர் குறை சொல்லவில்லை. வீடு கட்டும்போது ‘எனக்கு இப்படி வேண்டும்’ என்று வாய் திறக்காத தன்னையும் சேர்த்தே சொல்கிறார். அதனால்தான் அந்தப் பக்கத்தை நம்ப முடிகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாரா?

இல்லை. இங்கேதான் இரண்டாவது புத்தகம் தேவைப்படுகிறது.

1918 செப்டம்பரில் பிராங்க்ளின் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகிறார், நிமோனியாவோடு. அவரை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்ததை எலினோர் எழுதுகிறார். ஆனால் கணவரின் பெட்டியைப் பிரித்தபோது லூசி மெர்சர் எழுதிய காதல் கடிதங்கள் கிடைத்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. லூசி வேறு யாருமில்லை, எலினோரிடமே செயலாளராக வேலை பார்த்தவர். திருமணம் முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை வேறு. மூன்றே ஆண்டுகளில் பிராங்க்ளினை இளம்பிள்ளைவாதம் தாக்கிக் கால்கள் செயலிழந்தன. அவர் அரசியலை விட்டுவிடக் கூடாது என்று உறுதியாக நின்றவர்களில் எலினோரும் ஒருவர்.

27 ஆண்டுகள் கழித்து, 1945 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் அதிபர் இறக்கிறார். வாஷிங்டனில் ஒரு நிகழ்ச்சியில் இருந்த எலினோரைத் தொலைபேசியில் அழைத்துக் கிளம்பி வரச் சொல்கிறார்கள். அன்றிரவே வார்ம் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்கிறார். கணவர் மயங்கிச் சரிந்தபோது அங்கே லூசியும் இருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. முந்தைய மாதங்களில் அந்தச் சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததில் தன் சொந்த மகள் ஆனாவுக்கும் பங்கு உண்டு என்பதும் தெரியவருகிறது.

மறுநாள் உடலோடு ரயில் வாஷிங்டன் நோக்கிக் கிளம்புகிறது. அந்த இரவைப் பற்றி எலினோர் எழுதியிருக்கிறார்: படுக்கையில் கிடந்தபடி ஜன்னல் திரையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கணவர் நேசித்த நிலப்பரப்பையும், நிலையங்களிலும் கடவுப்பாதைகளிலும் இரவெல்லாம் காத்து நின்ற மக்களின் முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

சுயசரிதையை மட்டும் படித்தால் அது ஒரு மனைவியின் துக்கம். குட்வினையும் படித்தபின் அதே வரிகளுக்குத் திரும்பினால், முந்தைய இரவு என்ன தெரிந்துகொண்டு அவர் அந்த ஜன்னலருகே படுத்திருந்தார் என்பது நமக்குத் தெரியும். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த மக்களைப் பார்த்ததும் உண்மை, அந்தத் துக்கமும் உண்மை. தன்னுடையது என்று நினைத்த ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்த வருடம் நான் படித்த எந்த நாவலும் என்னை இந்த அளவுக்கு உலுக்கவில்லை.

லொரீனா ஹிக்காக்குக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஹிக்காக் ஒரு நிருபர், எலினோரின் நெருங்கிய தோழி. இருவரும் எழுதிக்கொண்டவை ஆயிரக்கணக்கான கடிதங்கள். தன் இறப்புக்குப் பத்து ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹிக்காக் அவற்றை ரூஸ்வெல்ட் நூலகத்துக்குக் கொடுத்தார். 1978-இல் பெட்டிகள் திறக்கப்பட்டன. ஏக்கமும் அன்பும் நிறைந்த கடிதங்கள். 1933-இல் கணவர் பதவியேற்ற நாளில் எலினோர் அணிந்திருந்த நீலக்கல் மோதிரம் ஹிக்காக் கொடுத்ததுதான். இது காதலா, ஆழ்ந்த நட்பா என்று ஆய்வாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பாகங்களாக விரிவான வாழ்க்கை வரலாறு எழுதிய பிளான்ச் வீசன் குக் அதைக் காதல் என்றே எடுத்துக்கொள்கிறார். கடிதங்களின் தொனியைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. பெயர் எதுவாக இருந்தாலும், அந்த மாளிகையின் தனிமையில் அவரைத் தாங்கிய உறவு அது.

முதல் பெண்மணி என்பது ஒரு பதவியா? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. அரசியலமைப்பில் அப்படி ஒரு பதவியும் இல்லை. அதனாலேயே ஒவ்வொருவரும் தனக்கு ஏற்றபடி அதை வகுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

எலினோர் செய்ததைப் பாருங்கள். கணவர் பதவியேற்று இரண்டாம் நாளே, 1933 மார்ச் 6 அன்று, பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தினார். பெண் நிருபர்களுக்கு மட்டும் அனுமதி! அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். செலவைக் குறைக்க முதலில் வேலையை இழந்தவர்களில் பெண் நிருபர்கள் உண்டு. அதிபர் மனைவி சொல்லும் செய்தி வேண்டுமென்றால் ஒரு பெண்ணையாவது வேலையில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலையைப் பத்திரிகைகளுக்கு உண்டாக்கிவிட்டார். சட்டமும் இல்லை, ஆணையும் இல்லை, ஓர் அறையில் யார் நுழையலாம் என்ற விதி மட்டும்தான். 12 ஆண்டுகளில் இப்படி 348 சந்திப்புகள்.

1935 டிசம்பரில் ‘மை டே’ என்ற பத்தியைத் தொடங்கினார். பெரும்பாலான காலம் வாரத்துக்கு ஆறு நாள், கிட்டத்தட்ட சாகும் வரை எழுதினார். இடையில் நின்றது கணவர் இறந்தபோது நான்கு நாள்தான்.

1939-இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தங்கள் அரங்கைத் தர மறுத்த மகளிர் அமைப்பிலிருந்து எலினோர் விலகினார். விலகியதைத் தன் பத்தியில் எழுதவும் செய்தார். ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் ஆண்டர்சன் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர்.

அவர் போர்முனைக்கே போனார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1943 ஆகஸ்ட், செப்டம்பரில் செஞ்சிலுவைச் சங்கச் சீருடையில் தென் பசிபிக் போனார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர 17 தீவுகள். ஏறக்குறைய 4 லட்சம் படைவீரர்கள் அவரைப் பார்த்தார்கள். திரும்பும்போது சுமார் 13 கிலோ எடை குறைந்திருந்தது.

அங்கே கடற்படைத் தளபதியாக இருந்த ஹால்சி, இவர் வருவதைத் தொல்லை என்றே முதலில் நினைத்தார். பின்னால் அவரே எழுதினார்: மருத்துவமனையில் ஒரு வார்டு விடாமல் போனார், ஒவ்வொரு படுக்கையிலும் நின்றார், உன் பேர் என்ன, எப்படி இருக்கிறாய், ஏதாவது வேண்டுமா, வீட்டுக்குச் சேதி சொல்லட்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார் என்று. தன் பகுதிக்கு வந்த பொதுமக்களில் இவரளவுக்கு நல்லது செய்தவர் யாருமில்லை என்றும் ஹால்சி ஒப்புக்கொண்டார். நான்கு மகன்களும் படையில் இருந்த தாய் அவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தக் கேள்விகள் வேறு மாதிரி ஒலிக்கும்.

இந்தியாவோடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1952-இல் நேருவின் அழைப்பில் இந்தியா வந்தார். அந்தப் பயணத்தை ஒரு நூலாகவும் எழுதினார்.

அதற்கு முன்பே, ஐ.நா.வின் மனித உரிமை ஆணையத்துக்கு அவர் தலைவராக இருந்தபோது இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் ஹன்சா மேத்தா. ஆணையம் எழுதிய உலக மனித உரிமைப் பிரகடனத்தில் ‘ஆண்கள் அனைவரும்’ என்று இருந்த முதல் வாசகத்தை ‘மனிதர் அனைவரும்’ என்று மாற்றவைத்தவர் அவர். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் அந்தப் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவாக 48 நாடுகள், எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் நடுநிலை வகித்தன. ஹன்சா மேத்தா நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

மிஷெல் ஒபாமாவின் ‘பிகமிங்’ உங்கள் பட்டியலில் இல்லையா?

இருக்கிறது, மூன்றாம் இடத்தில். 2018 நவம்பரில் வந்து உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல்.

அதன் முதல் பகுதி அருமை. சிகாகோவின் தெற்குப் பகுதியில், கீழே அம்மாவின் அத்தை ராபி பியானோ சொல்லிக்கொடுக்க, மாடியில் இவர்கள் குடும்பம். அத்தையின் பழைய பியானோவில் ஒரு கட்டையின் ஓரம் உடைந்திருக்கும். அதை அடையாளமாக வைத்துத்தான் நடுவில் உள்ள ஸ்வரத்தைச் சிறுமி கண்டுபிடிப்பாள். ஒருநாள் மேடையில் வாசிக்க உட்கார்கிறாள். அந்தப் பியானோ பளபளவென்று குறையே இல்லாமல் இருக்கிறது. எங்கே விரலை வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறாள். அத்தை எழுந்து வந்து விரலை எடுத்து உரிய இடத்தில் வைக்கிறார். அந்த ஒரு பக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை பெரிய இடத்துக்குப் போகும்போது வரும் தவிப்பு முழுவதும் இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த, தண்டுவட மரப்பு நோயோடு ஒருநாளும் வேலைக்கு முணுமுணுக்காமல் போன அப்பாவைப் பற்றிய பக்கங்களும் அப்படித்தான்.

கருச்சிதைவு, செயற்கைக் கருத்தரிப்பு, தம்பதியராக ஆலோசகரிடம் போனது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்கிறார். எலினோர் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்ததும் எழுத்தில் ஒரு கவனம் வந்துவிடுகிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று சட்டம் படித்தவர் அளந்து எழுதுவது தெரிகிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் எழுதும் நல்ல நூலுக்காகக் காத்திருக்கிறேன்.

முதல் பெண்மணியோடு இருந்தவர்கள் எழுதிய நூல் எதையாவது சொல்ல முடியுமா?

எலிசபெத் கெக்லியின் ‘பிஹைண்ட் தி சீன்ஸ்’. 1868-இல் வந்தது. கெக்லி அடிமையாகப் பிறந்தவர். தையல் வேலையால் ஒரு குடும்பத்தையே காப்பாற்றி, 1855-இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் மீட்டுக்கொண்டார். பின்னர் வாஷிங்டன் வந்து, ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரிக்கு உடை தைப்பவராகவும் நெருங்கிய தோழியாகவும் ஆனார்.

1862 பிப்ரவரியில் லிங்கனின் 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்தபோது உடலைக் கழுவி உடுத்தியவர்களில் கெக்லியும் ஒருவர். லிங்கன் உள்ளே வந்து துணியை விலக்கி மகன் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை எழுதுகிறார். அதை எழுதியவர் வில்லி இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் தன் ஒரே மகனைப் போரில் இழந்திருந்தார். அவர் மகனுக்காக அந்த மாளிகையில் யார் அழுதார்கள் என்று கேட்காமல் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

நூலின் பின்னிணைப்பில் மேரியின் கடிதங்கள் அச்சாகிவிட்டன. மேரி அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டார். நட்பு முறிந்தது, கெக்லியின் தொழில் படுத்தது. 1907-இல் வாஷிங்டனில் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார். மேரியைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று முன்னுரையில் கெக்லி சொல்வதை நான் நம்புகிறேன்.

ஜாக்குலின் கென்னடி எழுதிய சுயசரிதை எங்கே கிடைக்கும்?

அவர் எழுதவில்லை. ஆனால் வாழ்க்கையின் கடைசி இருபது ஆண்டுகளில் பதிப்பகங்களில் ஆசிரியராக வேலை பார்த்து மற்றவர்களின் புத்தகங்களைக் கொண்டுவந்தார்.

கென்னடி சுடப்பட்ட நாளைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால், அவருக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சனின் வெள்ளை மாளிகை நாட்குறிப்பை எடுங்கள். 1963 நவம்பர் 22-இல்தான் அது தொடங்குகிறது. நாள்தோறும் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவைத்ததை 1970-இல் நூலாக்கினார். தடித்த புத்தகம். முதல் நாளைப் படித்துவிட்டு, மீதியைப் பிடித்த இடத்தில் திறந்து படிக்கலாம்.

நாவல் ஏதும் உண்டா?

கர்டிஸ் சிட்டன்ஃபெல்டின் ‘அமெரிக்கன் வொய்ஃப்’, 2008. நூலகராக இருந்து அதிபர் மனைவியாகும் பெண்ணின் கதை. லாரா புஷ்ஷின் வாழ்க்கையை அடியொற்றியது. லாரா தன் சொந்த நூலை 2010-இல் வெளியிட்டார். 17 வயதில் அவர் ஓட்டிய கார் மோதி, உடன் படித்த பையன் இறந்த சம்பவம் இரண்டிலும் வருகிறது. நாவல் அதை வைத்துப் பெரிய மாளிகை கட்டுகிறது. லாராவின் நூலில் அது எளிமையாக, தாங்க முடியாத நேர்மையோடு இருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் சொந்த நூலே எனக்கு உசத்தி.

ஆங்கிலம் கொஞ்சம் சிரமம். எதிலிருந்து தொடங்கலாம்?

‘மை டே’ பத்திகளிலிருந்து. ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கம்தான். யாரோடு சாப்பிட்டார், எந்தச் சுரங்கத் தொழிலாளி வீட்டுக்குப் போனார் என்று பேச்சுபோல எழுதியிருப்பார். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கெக்லியின் நூலுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது, குட்டன்பெர்க் தளத்தில் இருக்கிறது. அப்புறம் சுயசரிதையின் முதல் பகுதி. அது பிடித்தால் குட்வின். குக்கின் மூன்று பாகங்கள் நிறைய நேரம் கேட்பவை, அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு. அதிபர் யுலிசஸ் கிராண்டின் மனைவி ஜூலியா கிராண்ட் 1902-இல் இறந்தார், அவர் எழுதிவைத்த நினைவுகள் 1975-இல்தான் அச்சேறின. அது ஒன்று. இன்னொன்று அதிபர் உட்ரோ வில்சனின் மனைவி எடித் வில்சனின் நூல். 1919 அக்டோபரில் கணவர் பக்கவாதத்தில் விழுந்தபின், அதிபரிடம் எந்தக் காகிதம் போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்தவர் அவர்தான். தான் எந்த முடிவும் எடுக்கவில்லை என்கிறார். அந்த நூலைத் தனியாகப் படிக்கப்போவதில்லை. வில்சனின் கடைசி ஆண்டுகளைப் பற்றி வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிய நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தியாயம் அத்தியாயமாகச் சேர்த்துப் படிக்கப்போகிறேன்.